பார்வையாளரா, பங்காளரா? முதியோர் இல்ல நிகழ்ச்சிகளின் வரலாறு

எமது சங்கம் நூறு ஆண்டுகளைக் காணும் இவ்வேளையில் மலர்க்குழுவினர் என்னிடம் மருத்துவக் கட்டுரை ஒன்று கேட்டனர். நீரிழிவு, குருதி அமுக்கம் பற்றி நீங்கள் போதியளவு வாசித்திருப்பீர்கள். ஆகவே முதியோரைப் பராமரிக்கும் வைத்தியராக நான் அன்றாடம் காணும் வேறொரு விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். முதியோர் இல்லங்களில் வாழ்வோர் பகற்பொழுதை எப்படிக் கழித்து வந்திருக்கிறார்கள் என்பதே அது. எம்மில் பலருடைய தாய்மார் இன்று இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ, அல்லது ஊரிலேயோ, இத்தகைய இல்லங்களில் இருக்கிறார்கள். எங்கள் முறையும் வெகு தூரத்தில் இல்லை.

இக்கதையை இங்கிலாந்தில் தொடங்கலாம். அங்கு 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்துக்குப் பின்னர் ஆதரவற்ற முதியோர் 'வேர்க்ஹவுஸ்' எனப்பட்ட விடுதிகளுக்கே போக வேண்டியிருந்தது. உடல் வலு உள்ளவர்களுக்கு அங்கே வேலை இருந்தது. வலு இழந்தவர்களுக்கோ வாங்கில் இருந்தது; அதில் அமர்ந்திருப்பதே அவர்களுடைய நாள். நத்தாருக்கு மாட்டிறைச்சியும் புடிங்கும் கிடைக்கும், ஊர்ப் பிரமுகர்கள் வந்து பார்ப்பார்கள், பிறகு அடுத்த நத்தார் வரை ஒன்றும் இல்லை. முதியோருக்குப் புகையிலையும் தேயிலையும் கொடுக்கலாம் என்று மேலிடம் இணங்கியதே 1890களில்தான்.

அந்த வாங்கை முதலில் அசைத்தவர் ஒரு பெண். பின்னாளில் மீத் சீமாட்டி எனப்பட்ட பிரபசன் சீமாட்டி 1882இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். வழமையான வேலைக்கு உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் பின்னல், பூத்தையல், லேஸ் போன்றவற்றைக் கற்றுக்கொடுப்பதே திட்டம். நூலுக்கும் துணிக்கும் முதற்செலவை அவர் பொறுப்பேற்றார். செய்த பொருட்களை விற்று வந்த பணத்தில் மேலும் நூல் வாங்கப்பட்டது. தையல் வகுப்பில் கண்ணீர் விட்டு எம்பிரோய்டரி பழகிய எங்களுக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் அதுவரை இவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை எல்லாம் உணவும் இரக்கமும் மட்டுமே. தாங்கள் செய்த ஒன்றை இன்னொருவர் காசு கொடுத்து வாங்குகிறார் என்பது புதிய அனுபவம்.

மருத்துவத்துறை விழித்துக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. அதைச் செய்தவரும் ஒரு பெண் வைத்தியர், மார்ஜொரி வொறன். 1935இல் இலண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை, பக்கத்திலிருந்த பழைய ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்றது. அங்கு 714 கட்டில்கள் இருந்தன. பலர் ஆண்டுக்கணக்கில் எழும்பாமல் கிடந்தார்கள். வொறன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். நோயினால் கிடப்பவர் யார், எழுப்புவதற்கு ஆள் இல்லாததால் கிடப்பவர் யார் என்று பிரித்தார். விடுதியை வெளிச்சமாக்கினார், நோயாளரை எழுந்து நடக்கவும் தம் காரியங்களைத் தாமே செய்யவும் பழக்கினார். அவர்களில் கணிசமானோர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறைக்கே தாய் என்று இன்று அவரைச் சொல்கிறோம்.

இதில் மருத்துவம் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் நாளாந்தம் காணும் ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். பகல் முழுவதும் கதிரையில் தூங்கி வழிந்தவருக்கு இரவில் உறக்கம் வராது. உறக்கம் வராதவருக்கு நித்திரைக் குளிசை கொடுப்பார்கள். குளிசை போட்டவர் விடியப்புறம் மலசலகூடத்துக்கு எழும்பும்போது தள்ளாடி விழுவார். இடுப்பு முறியும். என்னிடம் வரும்போது 'விழுந்து இடுப்பு முறிவு' என்றுதான் துண்டில் எழுதியிருக்கும். அந்த விழுகை முதல்நாள் காலை பத்து மணிக்கே தொடங்கிவிட்டது என்று யாரும் எழுதுவதில்லை.

1948இல் பிரித்தானியாவில் ஏழைகள் சட்டம் ஒழிக்கப்பட்டு, விருந்தினர் விடுதி போன்ற சிறிய இல்லங்கள் வரும் என்று சொல்லப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் பீற்றர் ரவுண்சென்ட் என்ற சமூகவியலாளர் 173 நிறுவனங்களுக்கு நேரில் சென்றார். 1962இல் வெளிவந்த அவருடைய நூல், பெயர்ப்பலகை மாறிய பல கட்டடங்களுக்குள் பழைய வெறுமையே இருந்ததைக் காட்டியது. சுவரோரமாக வரிசையாகக் கதிரைகள், அவற்றில் ஒருவரோடு ஒருவர் பேசாத மனிதர்கள். இந்தக் காட்சியை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

1976இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரொடின் என்ற இரு உளவியலாளர்கள் 91 முதியோரைக் கொண்டு எளிய ஆய்வொன்று செய்தார்கள். ஒரே இல்லத்தின் இரண்டு மாடிகள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது உங்கள் பொறுப்பு, ஒரு பூச்செடியை நீங்களே தெரிவுசெய்து நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், திரைப்படம் பார்க்கும் இரவையும் நீங்களே தீர்மானியுங்கள் என்றார்கள். மற்ற மாடிக்கும் செடி கிடைத்தது, படமும் கிடைத்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியவர் தாதி, நாளைக் குறித்தவர் நிர்வாகி. மூன்று வாரங்களில் முதல் மாடியினர் கூடுதல் உற்சாகத்தோடும் சுறுசுறுப்போடும் காணப்பட்டார்கள். 18 மாதங்களின் பின்னர் அந்த மாடியில் 47 பேரில் 7 பேரும், மற்றதில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள். இறப்புக் கணக்கின் புள்ளிவிபரத்தில் பிழை இருந்தது என்று ஆசிரியர்களே பின்னர் திருத்தம் வெளியிட்டார்கள். ஆகவே செடி வளர்த்தால் ஆயுள் நீளும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே செடியும் ஒரே படமும், யார் தீர்மானிக்கிறார் என்பதைப் பொறுத்து வேறு வேறு பயன் தந்தன என்பதே எனக்கு முக்கியம்.

1991இல் நியூயோர்க் மாநிலத்தின் நியூ பேர்லின் என்ற சிற்றூரில் பில் தோமஸ் என்ற இளம் வைத்தியர் இதை இன்னும் தூரம் கொண்டுசென்றார். தனிமை, கையாலாகாமை, சலிப்பு ஆகிய மூன்றுமே தமது இல்லத்தின் பெருநோய்கள் என்று கண்டு, இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு கிளிகளைக் கொண்டுவந்தார். கிளிகள் வந்த நேரம் கூடுகள் வந்து சேரவில்லை! சிகை அலங்கார அறைக்குள் பறவைகளைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தவேண்டியதாயிற்று. அந்த அமளியைப் பார்த்துச் சிரிக்க அங்கிருந்த முதியோர் கூடிவிட்டார்களாம். திட்டமிட்ட எந்தக் கலைநிகழ்ச்சிக்கும் அவ்வளவு கூட்டம் வந்திராது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையினர் 1888இலேயே கொழும்புக்கு வந்து முதியோர் பணியைத் தொடங்கிவிட்டார்கள். வடக்கில் கைதடி முதியோர் இல்லத்தை அறியாதவர் எம்மில் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணிக்கலாகாது என்று சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்திய முதியோர் தினம் ஒக்டோபர் 1. இலங்கையில் சிறுவர் தினமும் அதே நாள். ஆகையால் பாடசாலைகள் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிச் செல்வது வழக்கமாயிற்று.

நாங்களும் போயிருக்கிறோம். வெள்ளைச் சீருடை, சவர்க்காரமும் பிஸ்கற்றும் அடங்கிய பைகள், இரண்டு தேவாரம், ஒரு கும்மி. ஒருமுறை தேவாரத்தின் நடுவில் முன்வரிசை அம்மம்மா ஒருவர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். "சுருதி இறங்கிப்போச்சு பிள்ளையள், முதலில இருந்து பாடுங்கோ" என்றார். அவரே முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு பதிகத்தைக் கால் மணித்தியாலம் பாடினோம், கும்மிக்கு நேரம் இல்லாமல் போயிற்று. ஆசிரியைக்கு வாகனம் காத்து நிற்கிறதே என்ற பதற்றம். பிரபசன் சீமாட்டியைப் பற்றி வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கை.

இன்று நினைவுநாளுக்கும் பிறந்தநாளுக்கும் மதிய உணவு கொடுக்கப் புலம்பெயர்ந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் முன்பதிவு செய்கிறார்கள். அந்தத் தருமத்தை நான் குறைகூறவில்லை. இல்லங்களின் அடுப்பு எரிவதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் உடுத்தி, இருத்தி, கேக் ஊட்டி, படம் எடுத்து முடித்ததும் அந்த மண்டபத்தில் மிஞ்சுவது மீண்டும் ரவுண்சென்ட் கண்ட கதிரை வரிசைதான்.

நூற்றாண்டையொட்டி இல்லங்களுக்குப் போக நினைக்கும் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் நாற்பது பேர் போகாமல், இருவர் இருவராகப் பல நாட்கள் போங்கள். இரண்டு கட்டுச் சீட்டுக் கொண்டுபோங்கள். முன்னூற்றி நாலு ஆடத் தெரிந்த கைகள் அங்கே நிச்சயம் இருக்கும். பெருத்த எழுத்தில் அச்சிட்ட பாடல்கள், கம்பளி நூல், தக்காளிக் கன்றுகள் உதவும். கறிக்கு வெங்காயம் உரிக்கவும் கீரை ஆயவும் விருப்பம் உள்ளவர்களைக் கேட்டு விடச் சொல்லுங்கள். மறதி நோய் வந்தவர்களுக்கும் கைப்பழக்கம் வெகுநாள் நிற்கும்.

வெளிநாட்டில் இருந்து தொலைபேசியில் விசாரிப்போர் வழமையாக மேற்றனிடம் கேட்பது, "அம்மா சாப்பிட்டவவோ, மருந்து குடிச்சவவோ?" என்பதுதான். அத்தோடு, "இண்டைக்கு அம்மா என்ன செய்தவ?" என்றும் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை மறுமுனையில் சற்று அமைதி நிலவலாம். அடுத்த கிழமையும் கேளுங்கள்.