முத்தும் காடியும் நம் கடலும்

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ரப்பர் ஸ்டாம்ப் ஆறாவது விரல் மாதிரி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் ரப்பர் ஸ்டாம்புக்குப் பெயர் ‘தாம்போன்’. ரயில் பெட்டிகளுக்கு நடுவே இடி வாங்கும் இரும்புத் தட்டுக்கும் அதே பெயர்தான். வேதியியல் வகுப்பில் வாத்தியார் ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டி, “இதுவும் தாம்போன்” என்றபோது நாங்கள் சிரித்துவிட்டோம். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இது ‘தாங்கல் கரைசல்’. அமிலமோ காரமோ கொஞ்சம் விழுந்தால், தன் நிலை அதிகம் மாறாமல் தாங்கிக்கொள்ளும் கரைசல். தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்து கடலைப் பார்த்த பிறகே அதன் அருமை எனக்கு விளங்கிற்று.

இதற்கு அடிப்படையான வேதிச்சமநிலையின் கதை எகிப்தில் தொடங்குகிறது. 1798இல் நெப்போலியன் படையோடு அங்கே போன வேதியியல் அறிஞர் பெர்தொலே, பாலைவனத்து உப்பு ஏரிகளைப் பார்த்தார். நம் உப்பளப் பாத்தி ஓரத்தில் உப்புப் படிவதுபோல, அங்கே கரையோரம் சோடா பொருக்குத் தட்டியிருந்தது. ஏரியில் உப்பு, அடியில் சுண்ணாம்புக்கல். சோதனைச்சாலையில் சோடாவையும் கால்சியம் குளோரைடையும் சேர்த்தால் சுண்ணாம்புக்கல் படியும், உப்பு தண்ணீரில் நிற்கும். ஏரியிலோ அதே வினை தலைகீழாக நடந்திருந்தது! வினை இரு பக்கமும் போகும், எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதும் திசையைத் தீர்மானிக்கும் என்று அவர் கண்டார். 1803இல் அதை நூலாக எழுதினார். 1884இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் லெ ஷாதெலியே, சமநிலையைக் குலைத்தால் அந்தக் குலைவைக் குறைக்கும் பக்கமாக அது நகரும் என்று விதி வகுத்தார். புத்தகத்தில் நாம் போட்ட இரட்டை அம்புக்குறியின் கதை இதுதான். தாங்கல் கரைசல் தாங்குவதும் இந்த நகர்வால்தான்.

இனி முத்துக்கு வருவோம். எகிப்து ராணி கிளியோபாட்ரா ஒரு பந்தயத்துக்காகத் தன் காதணி முத்தைக் காடியில் போட்டுக் கரைத்துக் குடித்தாள் என்று ரோமானியர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். கதை எப்படியானாலும் வேதியியல் சரிதான். முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளித்த காடியில் மெல்ல மெல்லக் கரையும்.

அப்படியானால் நம் பார்களில் முத்துச்சிப்பி தலைமுறை தலைமுறையாக ஓடு கட்டி வாழ்ந்தது எப்படி? கடல் நீரே ஒரு தாங்கல் கரைசல் என்பதால்தான். அதில் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்திருக்கின்றன. அமிலம் வந்தால் கார்பனேட் அதை வாங்கிக்கொண்டு பைகார்பனேட் ஆகிவிடும். 1909இல் சோரன்சன் என்ற டென்மார்க்காரர் கொடுத்த பிஹெச் அளவுகோலில் 7 நடுநிலை. கடல் 8க்குச் சற்று மேலே, காரப் பக்கம் நிற்கிறது.

ஆனால் தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கடலுக்குள் போகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த உலகக் கடல்மேற்பரப்பின் பிஹெச், இன்று ஏறக்குறைய 8.1. இந்த 0.1 சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் அமிலத் தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். அதை வாங்கிக்கொள்ளக் கடல் செலவழிப்பது கார்பனேட்டை. சிப்பி ஓடு கட்டுவதற்கு வேண்டியதும் அதே கார்பனேட்தான்.

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் 1961ஓடு நின்றுபோனதற்கு இது காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பார்களில் சிப்பி வருவதும் மறைவதும் பழைய கதை. 1973இல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தே எடுத்துக் காட்டினார்கள். ஆனால் இயற்கை முத்தோ வளர்ப்பு முத்தோ, சங்கோ பவளமோ, எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஒன்றுதான்.

ஆபீஸில் ஸ்டாம்ப் பேடில் மை குறைவது எங்களுக்கு முதலில் தெரியாது. முத்திரை மங்கலாக விழும்போதுதான் தெரியும். அப்போது ஸ்டோரில் கேட்டு வேறு பேடு வாங்கிக்கொள்வோம். கடலுக்கு அப்படி ஒரு ஸ்டோர் இல்லை.