ஒரகடத்து ஒப்பந்தமும் சிங்கப்பூர் நடுவர் மன்றமும்

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் திரும்பி வாலாஜாபாத் சாலையில் போனால் ஒரகடம். ரெனோ-நிஸ்ஸான் கார் ஆலை அங்கே 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதற்கு அடித்தளம், தமிழக அரசுடன் 2008-இல் கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தம். ஆலை அமைத்தால் மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தருவது உள்ளிட்ட சலுகைகள் அதில் இருந்தன. தகராறு வந்தால் நடுவரிடம் போவதற்கான ஷரத்தும் இருந்தது.

சலுகைத் தொகை வந்துசேரவில்லை என்று நிஸ்ஸான் 2016-இல் பிரதமருக்கே சட்ட அறிவிப்பு அனுப்பியது. பாக்கி 2,900 கோடி ரூபாய், இழப்பீடு 2,100 கோடி ரூபாய், அதற்கு மேல் வட்டி. வழக்கு போட்டது தமிழக அரசின் மீது அல்ல, இந்திய அரசின் மீது. 2011-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் பொருளாதாரக் கூட்டு உடன்படிக்கைதான் நிஸ்ஸானுக்குப் பிடி. ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்தை விட்டு உடன்படிக்கையின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று இந்தியா ஆட்சேபித்தது. ஜீன் காலிக்கி தலைமையில், நம் முன்னாள் தலைமை நீதிபதி கேஹரும் அமர்ந்த மன்றம் 2019 ஏப்ரலில் அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. 2020-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

நம் வழக்கறிஞர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம், ஏனென்றால் எந்த மன்றத்துக்குப் போவது என்று சொல்லும் ஷரத்தை உள்நாட்டு நீதிமன்றங்கள் பெரும்பாலும் மதித்தே வந்திருக்கின்றன. 1971-இல் ஹாக்கம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு வரம்புகளை வகுத்தது: அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்குக் கட்சிக்காரர்களின் சம்மதம் அதிகாரம் தராது, அதிகாரம் உள்ள இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுக்கு முரணாகாது. 1989-இல் சேலம் வணிகர் ஒருவரின் வழக்கு வந்தது. குஜராத்தின் கைரா நீதிமன்றம் என்று ஷரத்து சொன்னாலும், மற்ற நீதிமன்றங்களை விலக்கும் தெளிவான வாசகம் இல்லாததால் சேலத்தில் தொடுத்த வழக்கு நின்றது. 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் அந்த வாசகம் இல்லாமலே நோக்கம் புலப்பட்டால் போதும் என்றானது. 2017-இல் சென்னை விற்பனையாளர் ஒருவர் சம்பந்தப்பட்ட இண்டஸ் மொபைல் வழக்கில், வழக்கு மூலத்தோடு ஒட்டுறவே இல்லாத மும்பை, நடுவர் மன்ற இருக்கை என்று எழுதப்பட்ட காரணத்தாலேயே தனி அதிகாரம் பெற்றது.

இவ்வளவு வலுவான ஷரத்து சிங்கப்பூரை இருக்கையாகக் கொண்ட அந்த நடுவர் மன்றத்தில் ஏன் செல்லவில்லை? விடையை அர்ஜென்டினாவின் டுகுமான் மாகாணத்தில் தேடலாம். குடிநீர் உரிமம் பெற்ற விவெண்டி என்ற பிரெஞ்சு நிறுவனம் அந்த மாகாண நீதிமன்றத்துக்கே போகவேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்தியது. 2002-இல் அந்த வழக்கில் தீர்ப்பை ரத்து செய்யும் மனுவை விசாரித்த குழு, ஒப்பந்த உரிமை வேறு, இரு நாட்டு உடன்படிக்கை தரும் உரிமை வேறு என்று பிரித்தது. ஒப்பந்த ஷரத்து முதல் வகையைத்தான் கட்டும். டுகுமான் இருந்த இடத்தில் தமிழ்நாட்டையும், அர்ஜென்டினா இருந்த இடத்தில் இந்தியாவையும் வைத்துப் பாருங்கள். கையெழுத்து மாநிலத்துடையது, பொறுப்பு ஒன்றியத்துடையது.

அந்தப் பகுப்பு சட்டப்படி சரியென்றே ஒப்புகிறேன். ஆனால் அதன் எல்லை இன்னும் கூர்மையாக வகுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்திய-ஜப்பான் உடன்படிக்கை, முதலீட்டாளருக்குத் தந்த வாக்கைக் காக்கவேண்டும் என்ற கடமையையும் அரசின் மேல் சுமத்துகிறது. ஒப்பந்த மீறலே உடன்படிக்கை மீறலாக மாறும் இடம் இதுதான். 2004-இல் எஸ்.ஜி.எஸ் - பிலிப்பைன்ஸ் வழக்கில் நடுவர்கள் நடுவழி கண்டார்கள்: அதிகாரம் உண்டு, ஆனால் எவ்வளவு பாக்கி என்பதை முதலில் ஒப்பந்தம் சொன்ன மன்றம் தீர்க்கட்டும் என்று வழக்கை நிறுத்திவைத்தார்கள். ஒரகடம் விஷயத்தில் அந்த வழியே பொருத்தம் என்பது என் கருத்து. எந்தக் காருக்கு எவ்வளவு வரி கட்டப்பட்டது, அதில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் இங்கே உள்ள வணிகவரித் துறைக் கோப்புகளில் இருக்கும் கணக்கு. அதைச் சரிபார்க்கும் இடம் சென்னை. செலுத்தும் பணம் நம் வரிப்பணம் என்பதால், விசாரணை தங்கள் கண்முன் நடக்க வேண்டும் என்று கேட்க இங்குள்ள மக்களுக்கு உரிமையும் உண்டு.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. சலுகையை நம்பி ஆலை எழுப்பியவருக்கு உள்நாட்டு வழக்கின் தாமதம் பெரும் பாரம்.

2016-இல் இந்தியா வெளியிட்ட மாதிரி முதலீட்டு உடன்படிக்கை வரி விவகாரங்களை விலக்குகிறது; வாக்கைக் காக்கும் கடமையைச் சொல்லவில்லை; உள்நாட்டு வழிகளை ஐந்தாண்டுகள் முயலச் சொல்கிறது. ஆனால் ஜப்பானுடனான 2011 உடன்படிக்கை இன்றும் நடப்பில் உள்ளது. ஆகவே ஜப்பானிய முதலீட்டாளருடன் எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க வேண்டும்: சலுகைத் தொகையின் அளவை ஒப்பந்த நடுவரே முதலில் தீர்ப்பார், அதுவரை உடன்படிக்கை வழியை நிறுவனம் நாடாது. இதை எழுதும்போது ஒன்றிய வெளியுறவு, நிதி அமைச்சகங்களைக் கலந்துகொள்வதும் அவசியம், ஏனென்றால் நாளை பதில் சொல்ல நிற்கப்போவது அவர்கள்தாம்.