காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு என்னத்துக்கு மருந்து?

மேலே உள்ள கேள்வியை எந்த உம்மாவும் கேட்பாள். செனகலிலிருந்து சாட் வரை நீளும் சாஹெல் பிரதேசத்துத் தாய்மாரும் அதைத்தான் கேட்டார்கள். அங்கே பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். "முஸ்லிம்கள் மருந்துக்குப் பயந்தவர்கள்" என்று இலேசாக எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் வரலாறு தெரியாது என்றே நான் நினைக்கிறேன்.

சாஹெலில் மழை சில மாதங்கள்தான். நுளம்பும் மலேரியாவும் பெருகுவது அந்த மாதங்களில். காய்ச்சல் வரும்வரை காத்திராமல், மழைக்காலம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை மருந்து கொடுத்தால் என்ன? 2004இல் செனகலின் நியாகர் பகுதியில் டொக்டர் பதாரா சிஸ்ஸேயும் கூட்டாளிகளும் இதைச் செய்து பார்த்தார்கள். மருந்து பெற்ற பிள்ளைகளிடம் மலேரியாக் காய்ச்சல் 86 சதவீதம் குறைந்தது. 2012 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி பதிவானதும் அதே ஆண்டு ஒக்டோபரில்தான்.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதை நம்பிப் பிள்ளையின் வாயில் ஊட்ட வேண்டுமே!

சந்தேகம் சும்மா வரவில்லை. 1996இல் வட நைஜீரியாவின் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, வெளிநாட்டு மருந்துக் கம்பனி ஒன்று ஏறத்தாழ 200 பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை நடத்தியது. 11 பிள்ளைகள் மௌத்தானார்கள். இது பரிசோதனை என்று எங்களுக்குச் சொல்லவேயில்லை என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2003இல் போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற கதை பரவியதும் அதே கானோவில்தான். மாநில அரசே மருந்தை நிறுத்தியது. 2004இல் அது மறுபடி தொடங்கியபோது, கொடுக்கப்பட்டது முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்து. இடையில் போலியோ பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. கால் விளங்காமல் போனது பிள்ளைகளுக்கு.

மலட்டுக் குளிசைக் கதை நமக்கும் புதிதல்ல. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலந்ததாகச் சொல்லி நம்மவர் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அங்கே நாம் குற்றம் சாட்டப்பட்டோம். கானோவில் நம்மவர்கள் பயந்தார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தச் சமூகத்தையும் இந்தக் கதை பிடித்துக்கொள்ளும். மார்க்கத்தை இதற்குள் இழுப்பது நியாயமல்ல.

இத்தனைக்கும் பிறகு மலேரியா மருந்து அதே வட நைஜீரியாவிலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எப்படி? முதலில் ஊர்த் தலைவரிடமும் இமாமிடமும் பேசினார்கள். மருந்தோடு வீடு வீடாகப் போனவர்கள் அதே ஊர் ஆட்கள். அந்நிய ஆண்கள் நுழையாத வீடுகளுக்குள் பெண் ஊழியர்கள் போனார்கள். கசப்பால் பிள்ளைகள் துப்பியதால், தண்ணீரில் கரையும் இனிப்புக் குளிசை வந்தது. இவற்றைவிடப் பெரிய சாட்சி, அந்த மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை என்பதைத் தாய் தன் கண்ணால் கண்டது. 2012இல் ஒவ்வொரு சுற்றிலும் மருந்து பெற்ற பிள்ளைகள் சராசரியாக 2 இலட்சம்; 2022இல் 4 கோடி 90 இலட்சம்.

ஆனாலும் இந்த எண் முழுக்கதையையும் சொல்லாது. ஒவ்வொரு மாதமும் மருந்து மூன்று நாட்களுக்கு. முதல் நாள் ஊழியரின் கண் முன்னால். அடுத்த இரண்டு நாளும் உம்மாவின் கையில், பார்க்க யாருமில்லை. சிலர் அந்தக் குளிசைகளைக் காய்ச்சல் வரும் நாளுக்கென்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. கையில் காசில்லாத வீட்டில் மருந்தை மிச்சம் பிடிப்பது சிக்கனம். ஆனால் அந்தச் சிக்கனத்தில் பாதுகாப்புக் குறைந்துபோகிறது.

அதனால் சமூகம் ஏற்றுக்கொண்டதா என்பதை முதல் நாள் வாசலில் திறந்த கதவை வைத்து அளக்க முடியாது. யாரும் பார்க்காத மூன்றாம் நாள் காலையில், ஓடி விளையாடும் பிள்ளையைப் பிடித்து மடியில் இருத்தி உம்மா மருந்து பருக்குகிறாளே, அதுதான் அளவு. அந்த நம்பிக்கையை ஒரு கம்பனி 1996இல் உடைத்தது. திரும்பக் கட்டியவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களும் இமாம்களும்தான்.