பந்தாட்டப் படமும் தோட்டப் படமும்

அரசர்களுக்கும் போர்களுக்கும் சரித்திரம் எழுதலாம். சினிமாவுக்கு எதற்குச் சரித்திரம் என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் கூறும் விடை இதுதான்: ஒரு சமூகம் யாரை நடுவில் நிறுத்துகிறது, யாரை ஓரத்தில் தள்ளுகிறது என்பதைச் சட்டப் புத்தகங்களைவிடத் தெளிவாகப் படக்காட்சி காட்டிவிடும். இதற்குச் சான்றாக இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்காவில் 1929-ஆம் ஆண்டில் வெளிவந்த பந்தாட்டப் படம். மற்றொன்று சென்னையில் 1936-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்ப் படம். இவ்விரண்டுக்கும் உறவு என்ன என்று வாசகர்கள் வியக்கலாம். ஒரே சர்வகலாசாலையின் வாசல் வழியாக வந்த உறவுதான் அது.

முதற் படத்தின் பெயர் ‘சல்யூட்’. ஃபாக்ஸ் கம்பெனியார் தயாரிக்க, ஜான் ஃபோர்டு இயக்கிய பேசும் படம். ஒரு குடும்பத்துச் சகோதரர் இருவரில் மூத்தவன் வெஸ்ட் பாயின்டிலுள்ள தரைப்படைக் கல்லூரி மாணாக்கன். இளையவன் அன்னாபொலிசிலுள்ள கப்பற்படைக் கல்லூரி மாணாக்கன். இருவரும் பந்தாட்டத் திடலில் எதிரெதிர் நிற்கின்றனர். இந்தப் பந்தாட்டம் நம் தோட்டத் திடல்களில் இளைஞர்கள் காலால் உதைத்து ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளை மோதித் தள்ளிக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம் அது.

அவ்விரு கல்லூரிகளும் 1890 முதல் மோதிவந்த போட்டி அமெரிக்கருக்குத் திருவிழாப் போன்றது. 1926-இல் சிகாகோ நகரில் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடியிருக்க, ஆட்டம் 21-21 என்று சமமாய் முடிந்தது. ஆயினும் படம் வெளிவந்த 1929-இலும் அதற்கு முந்திய 1928-இலும் அப்போட்டி நடைபெறவேயில்லை! காரணம், யார் ஆடத் தகுதியுடையவர் என்ற தகராறு. வேறு கல்லூரிகளில் ஆடிப் பழகி வந்தவர்களையும் தரைப்படைக் கல்லூரியார் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டனர். ஒருவர் மூன்றாண்டுகளே ஆடலாம் என்ற விதியைக் கப்பற்படைக் கல்லூரியார் வற்புறுத்தினர். உண்மைத் திடல் வெறுமையாய்க் கிடந்த அந்நாளில், வெள்ளித்திரையில் மட்டும் இரு படையினரும் மோதினர். பின்னர் 1930 டிசம்பரில், வேலையிழந்தோர் நிவாரணத்துக்காக நியூயார்க்கில் அவர்கள் மீண்டும் ஆடினர். தரைப்படையார் 6-0 என்று வென்றனர்.

படத்தில் உண்மை தோன்ற வேண்டுமென்று இயக்குநர் பாடுபட்டார் என்பதில் ஐயமில்லை. அன்னாபொலிசுக்கே சென்று, கல்லூரி வளாகத்திலேயே படம் பிடித்தார். நடிகர்களுக்கு மாணவ உடை மாட்டினால் மட்டும் போதாது, பந்தாட்டம் அறிந்தவர்களே வேண்டுமென்று தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் ஆட்டக்காரர்களைத் திரட்டிச் சென்றார். அவர்களுள் ஒருவர் வார்டு பாண்ட். அவ்வணியில் முன்பு ஆடி, காயத்தால் விலகி, ஃபாக்ஸ் கம்பெனியில் சாமான் தூக்கும் வேலை பார்த்துவந்த மாரியன் மாரிசன் என்ற இளைஞரும் உடன் சென்று சிறு வேடம் தாங்கினார். ஜான் வெயின் என்று உலகம் பின்னர் அறிந்த நடிகர் இவரே. திறமையுடையவனைத் தேடிக் கண்டுபிடித்துத் திடலில் இறக்கிய இம்முறையை நாம் மெச்சவே வேண்டும்.

ஆனால் அதே படத்தில் இன்னொருவரும் இருக்கிறார். ஸ்டெப்பின் ஃபெட்சிட் என்ற புனைபெயர் கொண்ட கறுப்பின நடிகர் லிங்கன் பெர்ரி. அவருக்குக் கொடுத்த வேடம் குடும்பத்து வேலைக்காரன், பெயர் ‘புகைத்திரை’. சோம்பி நடந்து, குழறிப் பேசி, வெள்ளையரைச் சிரிக்கவைப்பதே அவ்வேடத்தின் தொழில். வெள்ளை மாணாக்கரின் ஓட்டத்திலும் நடையிலும் உண்மை வேண்டுமென்று அலைந்தவர்கள், இம்மனிதரைப் பற்றி மட்டும் உண்மை வேண்டுமென்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால், அந்தக் கப்பற்படைக் கல்லூரியில் ஒரு கறுப்பு இளைஞனாவது அதுவரை தேறி வெளிவர முடியாதது ஏன் என்று கேட்டிருப்பார்கள். வெஸ்லி பிரவுன் என்பவர் முதல் கறுப்பின மாணாக்கராக அங்கே தேறியது 1949-இல்தான்! திடலின் நடுவே யார், ஓரத்தில் யார் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ‘சல்யூட்’ வெளிவந்த அதே 1929-இல், அதே தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலை சினிமாக் கலையை ஒரு பாடமாகக் கற்பிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அவ்வகுப்புகளில் பயின்றவர்களுள் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கரும், மாணிக்லால் டாண்டன் என்ற இந்தியரும் இருந்தனர். நண்பர் அழைக்க, டங்கன் 1935-இல் இந்தியா வந்தார். சிறிது காலம் தங்கிச் செல்ல வந்தவர் 1950 வரை இருந்து, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ முதலிய படங்களை இயக்கினார். தமிழ் அறியாமலே தமிழ்ப் படம் எடுத்தார் என்பது விந்தை!

அவர் தமிழில் தனித்து இயக்கிய முதற் படம் ‘சதி லீலாவதி’. எஸ். எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னில் எழுதிய கதை, கோயமுத்தூர் மனோரமா பிலிம்ஸார் தயாரிப்பு. எம். கே. ராதா கதாநாயகர், டி. எஸ். பாலையா வஞ்சகர், என். எஸ். கிருஷ்ணனும் உண்டு. போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் முதன்முதல் திரையில் தோன்றியவர் எம். ஜி. இராமச்சந்திரன். புராணக் கதைகளும் மேடைப் பாட்டுகளும் திரையை ஆண்டுகொண்டிருந்த நாளில், சமகால மனிதரின் துன்பத்தைச் சொன்ன படம் அது. ‘பதி பக்தி’ என்ற இன்னொரு படத்தின் கதையும் இதுவும் ஒன்றே என்று வழக்கு மூண்டபோது, இரண்டும் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்னும் ஆங்கில நாவலிலிருந்து பிறந்தவை என்று வாசனே சாட்சி சொன்னார். அது குடியின் கேட்டை விளக்கி 1860-இல் வெளிவந்து, ஸ்காட்லாந்து மதுவிலக்குச் சங்கத்தாரின் பரிசைப் பெற்ற நூல்.

கதை யாது? சென்னைச் செல்வர் ஒருவர் தீய நட்பால் குடிக்கு அடிமையாகிறார். குடிவெறியில் நண்பனைக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறார். புதையலொன்றைக் கண்டெடுத்து, மறைக்காமல் எசமானரிடம் கொடுக்க, அவர் இவரைப் பிள்ளையாகவே ஏற்கிறார். முடிவில் குடும்பம் ஒன்றுசேர்கிறது.

கடல் கடந்து உழைக்கும் தமிழனின் தோட்டம் தமிழ்த் திரையில் இடம்பெற்றது பெரிய காரியம். அப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்துக்கு வந்தவர் யார்? சென்னைக் கனவான். எதற்காக வந்தார்? செய்த குற்றத்துக்குத் தண்டனையாக. எப்படி மீண்டார்? புதையலால்! அவருடன் கொழுந்து கிள்ளிய ஆயிரமாயிரம் பேர் எந்தக் குற்றம் செய்து அங்கே வந்தனர்? அவர்களுக்குப் புதையல் எடுத்துவைத்தவர் யார்? கதாநாயகருக்கு மூன்று மணி நேரத் துன்பமாக இருந்த லயம், அவர்களுக்கு மூன்று தலைமுறையின் வீடு. கதை அவர்களைத் திடலின் ஓரத்திலேயே நிறுத்திவிட்டது.

குடியைப் பற்றியும் இவ்வாறே. படத்தில் குடி என்பது கெட்ட நண்பன் கொண்டுவந்த தனிமனிதக் கேடு. மலாயாத் தோட்டங்களில் அது சர்க்கார் அனுமதியோடு, லயத்துக்கு அருகிலேயே திறந்துவைத்த கள்ளுக்கடை. உழைத்த கூலி மாலையில் அங்கேயே திரும்பிப் போயிற்று. அதை உணர்ந்தவர்கள் தொழிலாளிகளே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும், துரைமாரைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டிய இழிவு ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். நண்பனைத் திருத்துவதோடு கடையையும் மூடவேண்டும் என்று அவர்கள் கண்டது, திரைக்கதை எட்டாத உண்மை.

மலாக்காவாசிகளாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டத்தை டான் சே யான் 1896-இல் நட்டது இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான். அவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் பாட்டிமார்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

தோட்டத்தையே நடுவில் வைத்த படமும் பின்னர் வராமற் போகவில்லை. தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ 2005-இல் வந்தது. மலேசியத் தமிழில், இரப்பர்த் தோட்டக் குடும்பத்துப் பெண்ணொருத்தியின் மேற்படிப்பு ஆசையைச் சொன்ன கதை அது. அங்கே புதையல் இல்லை, படிப்பே புதையல். லயத்திலிருந்து உலகைப் பார்த்த அக்கண் நமக்குக் கிடைக்க, ‘சதி லீலாவதி’ வந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

அந்த எழுபது ஆண்டுகளில் இழந்தவை எத்தனை! தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; லயங்கள் இடிந்தன; மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கேட்டுப் பதியாத கதைகள் முதியோருடன் மறைந்துவருகின்றன. ஜான் ஃபோர்டுக்கு இரயில் நிறைய ஆட்களும் கம்பெனியின் பணமும் வேண்டியிருந்தன. இன்று இளைஞன் ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் படக்கருவி இருக்கிறது. அதைத் தன்முகத்தை நோக்கித் திருப்புவதோடு நில்லாமல், ஒரு முறை பாட்டியின் முகத்தை நோக்கித் திருப்பி, “நீங்கள் எந்தத் தோட்டம்? எத்தனை மரம் வெட்டினீர்கள்?” என்று கேட்பானாக. ஆடத் தெரிந்தவர்கள் எப்போதும் நம்மிடையே இருந்தார்கள். அவர்களைத் திடலின் நடுவுக்கு அழைக்க வேண்டியவர்கள் நாமே.