பொதுவுடைமை அரசுகளும் மறைந்த செல்வமும்

கோயிற் சொத்து யாருக்கு உரியது என வினவினால், சுவாமிக்கு உரியது என்பதே யாழ்ப்பாணத்து மக்கள் கூறும் விடையாகும். ஆயின் சுவாமி வயலைக் குத்தகைக்கு விடுவதில்லை. உண்டியலைத் திறந்து எண்ணுவதுமில்லை. அவற்றைச் செய்பவர் தருமகர்த்தாவே. உடையவர் வாய் திறவாதிருக்க ஆள்பவரே கணக்கையும் வைத்திருப்பதனாலேதான் "சிவன் சொத்துக் குலநாசம்" என்னும் பழமொழி எச்சரிக்கையாக வழங்கலாயிற்று. சென்ற நூற்றாண்டிலே உலகின் ஒரு பெரும் பகுதியில் நிலமும் ஆலையும் வங்கியும் "மக்கள்" என்னும் பெயருக்கு மாற்றப்பட்டன. ஆங்கும் உடையவர் பெயரளவில் இருந்தனர், ஆள்பவர் வேறாயினர். அவ்வரசுகளின் தலைவரிடத்துச் செல்வம் சேர்ந்தவாற்றையும், அது நெடுங்காலம் வெளிப்படாதிருந்ததற்குக் காரணத்தையும் ஆராய்தல் வரலாற்று மாணவர்க்குப் பயனுடைத்து.

தொடக்கம் தூயதாகவே இருந்தது. 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கம்யூன், அரசாங்க அலுவலர் பெறும் ஊதியத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்ட லெனின், 1917இல் எழுதிய "அரசும் புரட்சியும்" என்னும் நூலிலே, அலுவலர் தொழிலாளியின் கூலிக்கு மேற்பட்ட சம்பளம் பெறலாகாது என வற்புறுத்தினார். அவர் அதனை ஏட்டளவில் விட்டாரல்லர். 1918ஆம் ஆண்டிலே தம் மாதச் சம்பளம் 500 ரூபிளிலிருந்து 800 ரூபிளாக உயர்த்தப்பட்டதை அறிந்து, அதற்குப் பொறுப்பானவருக்கு எழுத்து மூலம் கடுங்கண்டனம் விடுத்தார். கட்சி உறுப்பினர் பெறும் சம்பளத்துக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இவ்வுறுதி நிலைத்திருக்குமாயின் பின்னைய வரலாறு வேறாயிருத்தல் கூடும்.

மாற்றம் ஸ்டாலின் காலத்திலே நிகழ்ந்தது. 1931இல் அவர் சம்பள சமத்துவத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டிலே கட்சியினரின் சம்பள உச்சவரம்பு அரவமின்றி நீக்கப்பட்டது. அதே காலத்தில் உணவுப் பங்கீடும் நடைமுறையில் இருந்தது. பங்கீடு என்பது யாதென்பதை ஈழத்து மக்கள் அறிவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே கூப்பனைக் கொண்டு கூட்டுறவுப் பண்டகசாலை வாயிலில் அரிசிக்காகக் காத்து நின்ற தலைமுறையின் கதை இன்றும் வீடுகளிலே பேசப்படுகின்றது. பண்டம் குறைந்தவிடத்துப் பங்கிடுபவன் கை ஓங்கும். ஆயினும் சங்கக் கடையிலே வரிசை ஒன்றே. பதுக்கல் நிகழ்ந்தால் ஊரார் கண்ணுக்குத் தப்பாது. சோவியத் நாட்டிலோ பொதுமக்களுக்கு ஒரு கடையும் உயர் அலுவலர்க்கு மூடிய பண்டகசாலையும் எனச் சட்டமே வேற்றுமை வகுத்தது. 1932–33ஆம் ஆண்டுகளில் உக்ரேன் முதலிய பகுதிகளிலே இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மாண்டபோதும் அப்பண்டகசாலைகள் திறந்தேயிருந்தன.

இவ்வாறு தோன்றிய செல்வத்தின் இயல்பு நுணுகி நோக்கற்பாலது. அது பெட்டியிற் பூட்டிய பொன்னன்று, வங்கியிலிட்ட பணமுமன்று. கட்சி மேலிடம் நியமிக்கும் பதவிகளும் அவற்றுக்குத் தகுந்தோரும் "நொமென்கிளாத்துரா" எனப்பட்ட பட்டியல்களில் அடங்கியிருந்தனர். அப்பட்டியலில் இடம்பெறுவதே செல்வம் பெறுவதாயிற்று. சம்பளச் சீட்டிற் காணப்படாத பணம் உறையிலிட்டு வழங்கப்பட்டது. அதற்கு வரியும் இல்லை. சிறப்பு வைத்தியசாலை, ஊருக்கு வெளியே அரசாங்க மாளிகை, மோட்டார் வண்டி, விசேட உணவுப் பங்கீடு என்பன பதவிக்குப் பதவி அளந்து கொடுக்கப்பட்டன. இவற்றுள் ஒன்றேனும் அவர் பெயரில் எழுதப்பட்டதன்று. எனவே "எம்மிடம் சொத்து இல்லை" என்று அவர் கூறியது சட்டப்படி மெய்யேயாம்.

பதவியோடு வந்தது பதவியோடு போகவும் செய்தது. மொஸ்கோ நகரில் ஆற்றங்கரையிலே 1931 அளவில் ஏறக்குறைய ஐந்நூறு குடியிருப்புகளுடன் எழுப்பப்பட்ட அரசாங்க மாளிகை இதற்குச் சான்றாகும். சாதாரணத் தொழிலாளர் ஓரறைக்குள் ஒரு குடும்பமாக வாழ்ந்த அந்நாளிலே, அமைச்சரும் தளபதிகளும் அங்கே வசதியுடன் குடியிருந்தனர். 1937–38ஆம் ஆண்டுகளின் களையெடுப்பில் அவருட் பலர் நள்ளிரவிலே கைது செய்யப்பட்டு மறைந்தனர். அவர்தம் மனைவி மக்கள் வீட்டைவிட்டு வெளியேற, புதியவர் உள்ளே புகுந்தனர். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல இயலாத செல்வம் அச்சத்தோடு அனுபவிக்கப்பட்டது.

இந்நிலையை அவ்வியக்கத்தினின்று வந்தவரே முதலில் எடுத்துரைத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. சலுகையைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல இயலாத அதிகார வர்க்கம் ஒருநாள் அதனைத் தனியுடைமையாக்க முற்படும் என ட்ரொட்ஸ்கி 1936இல் எழுதினார். யூகோஸ்லாவியாவின் உபதலைவராயிருந்த மிலோவன் ஜிலாஸ், 1957இல் வெளிவந்த "புதிய வர்க்கம்" என்னும் நூலிலே, பொதுச் சொத்தைக் கையாளும் உரிமையே ஒரு வர்க்கத்தின் உடைமையாய் விட்டது என நிறுவினார். அந்நூல் வெளிவந்தபோது அவர் சிறையில் இருந்தார். அதற்காக மேலும் தண்டனை பெற்றார். இவ்வாதங்கள் ஈழத்துக்கும் புதியனவல்ல. 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி சில ஆண்டுகளில் பிளவுபட்டமைக்கு ஸ்டாலின் ஆட்சி பற்றிய கருத்து வேற்றுமையும் ஒரு காரணமாயிருந்தது.

சலுகை எவ்வாறு வெளிப்படையான களவாயிற்று என்பதை உஸ்பெக்கிஸ்தானின் பருத்தி வரலாறு தெளிவாகக் காட்டும். அந்நாட்டின் கட்சித் தலைவராக 1959 முதல் 1983இல் இறக்கும்வரை இருந்தவர் ஷராஃப் ரஷீதொவ். மொஸ்கோ கேட்ட பருத்தியின் அளவு ஆண்டுதோறும் உயர்ந்து அறுபது இலட்சம் தொன்னை எட்டியது. நிலம் அவ்வளவு கொடாதபோது ஏடு கொடுத்தது. கூட்டுப்பண்ணைத் தலைவன் கூட்டி எழுதினான். மாவட்டச் செயலாளர் அதனை உறுதிப்படுத்தினார். ஆலையில் ஏற்பவர் கையூட்டுப் பெற்று, வாராத பருத்திக்கு வந்ததெனக் கையொப்பமிட்டார். இல்லாத பருத்திக்கு அரசாங்கம் கொடுத்த பணம் கீழிருந்து மேல்வரை பங்கிடப்பட்டது. இருந்த பருத்தியைப் பறித்தவர் யாவர்? இலையுதிர் காலத்திலே பாடசாலைகளை மூடி வயலுக்கு அனுப்பப்பட்ட மாணவரும் ஆசிரியருமே. அருகிருந்த ஏரல் கடலும், அதற்கு நீரூட்டிய ஆறுகள் பருத்திக்குத் திருப்பப்பட்டமையால் வற்றலாயிற்று.

1982இல் பிரஷ்னெவ் இறந்தபின்னரே விசாரணை முழு வேகம் பெற்றது. புகாரா மாகாணக் கட்சிச் செயலாளரிடமிருந்து பெருந்தொகையான பொன்னும் நகையும் கைப்பற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான அலுவலர் பதவியிழந்தனர். பிரஷ்னெவின் மருமகனும் உள்நாட்டு அமைச்சின் உயர்பதவியாளருமான சுர்பானொவ் 1988இல் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆயின் விசாரணையாளர் வற்புறுத்தி வாக்குமூலம் பெற்றனர் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. 1991இல் உஸ்பெக்கிஸ்தான் சுதந்திரமடைந்ததும் தண்டனை பெற்றோர் பலர் விடுவிக்கப்பட்டனர்; ரஷீதொவின் பெயரும் மீண்டும் போற்றப்பட்டது. மொஸ்கோ தன் பழியை ஒரு சிறு தேசத்தின்மேற் சுமத்தியது என்பதே அங்குப் பலர் கொண்ட கருத்து. மறைவிலே நிகழ்ந்த களவுக்கு மறைவிலே நிகழ்ந்த விசாரணை தீர்வாகவில்லை.

ஏனைய நாடுகளிலும் திரை விலகியபோது கண்ட காட்சி வியப்பைத் தந்தது. கிழக்கு ஜேர்மனியின் தலைவர்கள் பெர்லினுக்கு வடக்கேயுள்ள வாண்ட்லிட்ஸ் காட்டில், மதிலுக்குள்ளே 23 வீடுகளில் வாழ்ந்தனர். 1989 நவம்பரில் பத்திரிகையாளர் உட்சென்றபோது அரண்மனைகளைக் காணவில்லை. மேற்கு நாட்டுப் பண்டங்கள் நிறைந்த கடையையும் நடுத்தர வசதியுள்ள வீடுகளையுமே கண்டனர். எனினும் ஒரு சிறு மோட்டார் வண்டிக்குப் பத்தாண்டுக்கு மேலாகக் காத்திருந்த மக்கள் பொங்கியெழ அதுவே போதுமானதாயிற்று. ருமேனியாவிலே சௌசெஸ்கு, நாட்டின் கடனைத் தீர்ப்பதற்கென உணவையும் வெப்பத்தையும் மக்களுக்குக் குறைத்த அதே ஆண்டுகளில், புக்காரெஸ்ட் நகரின் பழைய பகுதியை இடித்து மாபெரும் மாளிகை எழுப்பினார். 1989இல் அவர் கொல்லப்பட்டபின் அந்நிய வங்கிகளில் அவருக்குக் கோடிக்கணக்கான பணம் உண்டெனப் பேசப்பட்டது. 2008இல் பாராளுமன்ற விசாரணைக்குழு அதற்குச் சான்றில்லை என முடிவு செய்தது. நாடு முழுவதும் கையில் இருக்கும்போது வங்கிக் கணக்கு எதற்கு?

அந்நாட்டு மக்கள் கல்வியிலும் சுகாதாரத்திலும் பெற்ற முன்னேற்றம் மறுத்தற்குரியதன்று. ஊழல் அவ்வாட்சிக்கு மட்டும் உரியதுமன்று. 1991இன் பின் ருஷ்யாவிலே அரசாங்க ஆலைகள் சிலருக்கு மிக மலிவாய்க் கைமாறியபோது ட்ரொட்ஸ்கியின் எதிர்வுகூறல் மெய்யாயிற்று. சீனாவிலே கட்சி அலுவலர் இருவர் 1952இல் கையாடலுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆயினும் அறுபத்துமூன்று ஆண்டுகளின்பின், 2015இல், கட்சியின் அதியுயர் குழுவில் இருந்த சோ யொங்காங் ஊழலுக்காக ஆயுட்சிறை பெற்றார். தண்டனையின் கடுமை மட்டும் களவைத் தடுப்பதில்லை என்பதை இவை புலப்படுத்தும்.

தடுப்பது யாதென்பதற்குக் கேரளம் ஓர் எடுத்துக்காட்டு. 1957இல் தேர்தல் மூலம் ஆட்சிக்கு வந்த நம்பூதிரிப்பாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை, கேள்விப்பத்திரம் கோராமலே ஆந்திர அரிசி 5,000 தொன் கொள்வனவு செய்தது. ஆட்சியாளர் அதே கொள்கையினர். ஆனால் எதிரே சட்டசபையும் பத்திரிகைகளும் இருந்தன. கேள்வி எழுந்தது, நீதிபதி ராமன் நாயர் விசாரித்தார், தவிர்க்கத்தக்க நட்டம் நேர்ந்ததெனக் கூறினார். ஆட்சியிலிருந்தபோதே அக்கட்சி பதில் கூற நேர்ந்தது. உஸ்பெக்கிஸ்தானிலே கால் நூற்றாண்டு காத்திருந்தும் கிடையாத பதில், இங்கே இரண்டாண்டுக்குள் கிடைத்தது.

சொத்து ஒருவருடையதா ஊராருடையதா என்னும் வாதம் நெடிது. அது முடிவுறுவதாகவும் தோன்றவில்லை. எவர் பெயரில் இருப்பினும், "கணக்கைக் காட்டுக" என அச்சமின்றிக் கேட்பவர் ஒருவர் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். கோயிலிலும் சங்கத்திலும் பாடசாலையிலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று வரவுசெலவைக் கேட்கும் வழக்கம் சிறிதெனத் தோன்றலாம். பேரரசுகள் இழந்தது அவ்வழக்கத்தையே.