கறக்கும் முன்னே சந்தையைப் பாருங்கள்!

புதிதாக மாட்டுப் பண்ணை வைக்கலாமா, எண்ணெய்ச் செக்குப் போடலாமா என்று யோசிக்கிற இளைஞர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. இடம் பார்த்தாச்சு, கடனுக்கு மனுவும் போட்டாச்சு. "சரி தம்பி, சரக்கை யார் வாங்குவா?" என்று கேட்டால், "அதை அப்புறம் பார்த்துக்கலாங்க" என்கிறார்கள். அப்புறம் பார்த்தால் என்ன ஆகும்? குஜராத்தில் கேடா மாவட்டத்து எருமைக்காரர்களின் கதையைக் கேளுங்கள்.

1945-ல் பம்பாய் நகருக்குப் பால் வழங்க அரசு ஒரு திட்டம் தொடங்கியது. கேடாவில் பால் வாங்கி அனுப்பும் உரிமை போல்சன் என்ற ஒரே தனியார் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனிக்கு நல்ல லாபம். கறந்தவர் கைக்கு வந்ததோ சொற்பம். பால் என்ன நெல்லா, குதிரில் கொட்டி வைக்க? காலையில் கறந்தது மாலைக்குள் திரிந்துபோகும். அதனால் சொன்ன விலைக்கு ஊற்றிவிட்டு வந்தார்கள்.

பொறுக்க முடியாமல் சர்தார் படேலிடம் முறையிட்டார்கள். நீங்களே சங்கம் வைத்து நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் என்றார் அவர். 1946 ஜனவரியில் சமர்க்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் தலைமையில் கூட்டம் நடந்தது. சங்கத்தின் பாலை அரசே வாங்க வேண்டும் என்று கேட்டார்கள். அரசு மறுத்தது. 15 நாள் ஒரு சொட்டுப் பால் ஊரை விட்டுப் போகவில்லை. அரசு இறங்கி வந்தது. அந்த டிசம்பர் 14-ம் தேதி சங்கம் பதிவாயிற்று. தலைவர், திரிபுவன்தாஸ் படேல்.

கவனித்தீர்களா? முதலில் வாங்குகிறவரை உறுதி செய்தார்கள். அதன் பிறகுதான் பாலைச் சேர்த்தார்கள். 1948 ஜூனில் பம்பாய்க்குப் பால் போகத் தொடங்கியபோது இரண்டே ஊர்ச் சங்கங்கள், நாளுக்குச் சுமார் 250 லிட்டர். வருடக் கடைசியில் 432 பேர், 5,000 லிட்டர்.

இருந்தாலும் ஒரு கணக்கு இடித்தது. குளிர்காலத்தில் எருமை, கோடையைவிட இரு மடங்குக்கு மேல் கறக்கும். பம்பாயோ அவ்வளவும் வேண்டாம் என்றது. மிச்சத்தை என்ன செய்வது? நம் சென்னை கிண்டியில் பொறியியல் படித்த குரியன் 1949-ல் ஆனந்த் நகருக்கு வந்து சேர்ந்திருந்தார். மிச்சப் பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் ஆக்குவது என்று திட்டமிட்டார்கள். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். தலாயா என்ற பொறியாளர் செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று பிரதமர் நேரு தொழிற்சாலையைத் திறந்து வைத்தார்.

வெண்ணெய் கடைக்குப் போனது. ஆனால் சப்பென்று இருக்கிறது என்றார்கள் பம்பாய்க்காரர்கள். புளித்த பாலேட்டில் எடுத்த, உப்புப் போட்ட வெண்ணெய்க்குப் பழகிய நாக்கு அது. எங்கள் வெண்ணெய்தான் புதுசு, நல்லது என்று இவர்கள் வாதாடவில்லை. வாங்குகிறவர் ருசிக்கு ஏற்ப மாற்றினார்கள். சுலபமாக வாயில் நுழைகிற 'அமுல்' என்ற பெயரையும் வைத்தார்கள்.

1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் இந்த வழியைத்தான் நாடெங்கும் கொண்டுபோனது. நம் ஊர்ப் பால் சங்கமும் அதே வழியில் வந்ததுதான்.

ஆகவே, கடன் மனு எழுதும் முன் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதுங்கள். யார் வாங்குவார்? என்ன விலைக்கு? அவருக்கு எப்படி இருந்தால் பிடிக்கும்? மிஞ்சினால் என்ன செய்வேன்? நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு கொட்டகைக்குக் கால் நடுங்கள்.