பேட்டரிக் கடையும் டியூனிங் பட்டறையும்

பேட்டரி இறங்கினால் அப்பா, வண்டி உதறினால் தாய்மாமா. ராஜபாளையம் தென்காசி சாலையில் எதிரெதிரே இரண்டு தகரக் கொட்டகைகளில் இருவரும் தொழில் செய்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் தொடுவதில்லை. பேட்டரிக்காரர் கார்ப்பரேட்டரில் கை வைக்க மாட்டார், டியூனிங் பார்ப்பவர் ஆசிட் பக்கமே போக மாட்டார். இந்தப் பாகுபாட்டை உடைத்தது எந்த மனிதனும் இல்லை, பெட்ரோல் காருக்குள் வந்து உட்கார்ந்த ஒரு சின்னப் பெட்டி.

எங்கள் ஊருக்குக் கார் அதிகமாக வந்தது மில்லோடுதான். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸும் அதன்பின் எழுந்த மற்ற மில்களும் ஊருக்குப் பணத்தைக் கொண்டுவந்தன. பணம் வந்த வீடுகளுக்குக் காரும் வந்தது. உதிரிப் பாகத்துக்கு மதுரைக்குப் போக வேண்டும். அங்கே 1911 முதல் டி.வி.எஸ். இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் பஸ் ஓட்ட அவர்கள் ஒரு கருவியையே செய்து விற்றார்கள். கரி வாயு வண்டி ஏற்றத்தில் மூச்சுத் திணறும் என்று தாத்தா சொல்வார். மாமாவுக்கு இன்ஜின் சத்தத்தைக் கவனிக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அப்பாவின் கடையில் ராத்திரி முழுக்க சார்ஜர் முனகிக்கொண்டிருக்கும். கறுப்பு ரப்பர் பெட்டி பேட்டரிகள், மேலே தார் பூசி, ஒவ்வொரு செல்லையும் ஈயப் பட்டை இணைத்திருக்கும். ஒரு செல் செத்தால் தாரைச் சுட்டு எடுத்து அந்தச் செல்லை மட்டும் பிரித்துப் பிளேட் மாற்றுவார். காலையில் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்ப்பார். 1.260-க்கு மேல் நின்றால் பேட்டரி வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் இன்னொரு ராத்திரி. ஊரே பஞ்சும் நூலுமாக இருக்க, அவர் வேட்டியில் மட்டும் ஆசிட் தின்ற ஓட்டைகள். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும் என்பது எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிந்த பாடம்.

மாமாவின் சாமான் அதைவிடக் குறைவு. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பீலர் கேஜ், பிளக் ஸ்பேனர். அம்பாசிடர் வந்தால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பாயிண்ட் பார்ப்பார். 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, இடைவெளி வைத்துவிட்டுக் கார்ப்பரேட்டருக்கு வருவார். ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ ஒன்று, மிக்சர் ஸ்க்ரூ ஒன்று. மிக்சரைத் திருகத் திருக இன்ஜின் வேகம் ஏறும், ஓரிடத்தில் ஏறாமல் நிற்கும். அங்கே விட்டுவிட்டு ஸ்லோ ஸ்பீடைக் குறைப்பார். ஏர் ஃபில்டரில் பஞ்சுத் தூசி படிந்திருந்தால், "இந்த வண்டி மில்லு கேட்டுல நிக்கிற வண்டி" என்று ஓனரிடம் கேட்காமலே சொல்வார். முக்கியமான சங்கதி: அவர் வைத்த அளவு ஸ்க்ரூவில் இருந்தது. பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் திண்ணையில் வைத்தாலும் அந்த அளவு அசையாது.

இரு கடைக்கும் நடுவில் விழுந்த வண்டிகளும் இல்லாமல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று கார்கள் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும். அந்தக் காலத்து டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் ஏற்றாது. பேட்டரி இறங்கும், காயிலுக்குக் கரன்ட் குறையும், பிளக்கில் பொறி வலுவிழக்கும், மிஸ்ஸிங் அடிக்கும். நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்து மறுநாள் கொண்டுவருவார்கள். "அத்தான், இது உங்க கேஸ்" என்று மாமா இங்கே அனுப்புவார். "பாயிண்டு தேஞ்சிருக்கு மாப்ள" என்று அப்பா திருப்பி அனுப்புவார். ஓனர்தான் சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருப்பார். பெரும்பாலும் டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், உப்புத்தாள் தேய்த்தால் சரி.

அப்போது எல்லோரிடமும் ஒரு சோதனை முறை இருந்தது: இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது. டைனமோ வண்டியில் அது பெரும்பாலும் பிழைத்துப்போன வித்தை. டைனமோவுக்குப் பதிலாக வந்த ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் குபீரென்று எகிறி டயோடையும் கம்ப்யூட்டரையும் சுட்டுவிடலாம். இன்றும் சிலர் செய்கிறார்கள். பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. கார்ப்பரேட்டர் இல்லை, இன்ஜெக்டர். அடுத்த சில ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாடு இறுக இறுக மாருதி 800-ம் இன்ஜெக்டருக்கு மாறியது. திருக ஸ்க்ரூ இல்லாத வண்டியின் முன்னால் மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கையால் வைத்த அளவை இப்போது ஈசிஎம் என்ற அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வைக்கிறது. ஓட ஓட த்ராட்டில் பாடியில் கரி படியும், காற்று வழி குறுகும். ஈசிஎம் அதைக் கண்டுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வழியைத் திறந்து கொடுக்கும், அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளும். பல வண்டிகளில் அந்த நினைவு பேட்டரிக் கரன்ட் இருக்கும்வரைதான். பேட்டரி அடியோடு இறங்கினால் கணக்கு அழிந்து, கம்பெனியில் வைத்த அளவுக்குத் திரும்பிவிடும். கரி மட்டும் அங்கேயே இருக்கும். புது வண்டிக்கு வைத்த திறப்பு, கரி படிந்த வழிக்குப் போதாது. வண்டி உதறும், ஏசி போட்டால் ஆஃப் ஆகும்.

இதை ஊர் முழுக்கக் கண்டது 2020-இல். மார்ச் 25-இல் ஊரடங்கு. வாரக்கணக்காக நின்ற கார்களில் கடிகாரமும் அலாரமும் ஈசிஎம்மும் சொட்டுச் சொட்டாகக் கரன்ட்டைக் குடித்துத் தீர்த்தன. ஊரடங்கு தளர்ந்ததும் எல்லோருக்கும் ஒரே புகார்: "புது பேட்டரி போட்டதிலேர்ந்துதான் உதறுது அண்ணாச்சி." பேட்டரிக் கடைக்காரரோடு சண்டை பிடித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. வேறோர் இடத்தில் சென்சர் மாற்றி, பிளக் மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவழித்தபின் வந்தவர்களும் உண்டு.

இரண்டு கொட்டகை வேலையும் இன்று என் ஒரே மேஜையில் நடக்கிறது. முதலில் அப்பா வேலை: டெர்மினலைச் சுரண்டி இறுக்கி, இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் பார்ப்பேன். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் நின்றால் சார்ஜிங்கில் பெரும்பாலும் குற்றமில்லை. அது சரியில்லாமல் மேலே போவதில் அர்த்தமில்லை. பிறகு மாமா வேலை: காதைக் கொடுத்து, எங்காவது விரிசல் விட்ட குழாய் வழியே காற்றை உறிஞ்சும் சீறல் இருக்கிறதா என்று கேட்பேன். ஸ்கேனரை அதற்குப் பிறகுதான் செருகுவேன். பையன்கள் முதலிலேயே செருகுகிறார்கள். அது ஒரு பழுதுக் கோட் நம்பரைக் கொடுத்தால் அந்தச் சாமானை வாங்கச் சொல்லிவிடுகிறார்கள், வோல்டேஜ் குறைவில் பொய் கோட் விழும் என்று யோசிப்பதில்லை. த்ராட்டில் பாடியைக் கிளீனர் அடித்துத் துடைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ரேடியேட்டர் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கும்வரை ஓடவிடுவேன். ஏசி போட்டு இன்னும் கொஞ்ச நேரம். சில வண்டிகளுக்கு இது போதும், சிலவற்றுக்கு ஸ்கேனரில் தனியாக ஒரு முறை கற்றுக்கொடுக்க வேண்டும்.

மிச்சத்தை ரோடு பார்த்துக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 12 கிலோமீட்டர், ஒரே சீராகப் போகலாம். அங்கே பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஏசியோடு நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். உதறவில்லை என்று போன் வந்தால் வேலை முடிந்தது. போனவர்கள் பால்கோவா வாங்காமல் திரும்புவதில்லை, எனக்கும் கால் கிலோ வந்துவிடும். கூலியில் கழிக்க மாட்டேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.